ஸ்லைடில் வளரும் முட்டை... 150% என்று போட்டால் எத்தனை கிராம்?

திரையில் ஒரு முட்டை. கீழே '45 கிராம்' என்று எழுதியிருக்கிறது. ஒரு க்ளிக். முட்டை மெல்ல உப்பிப் பெரிதாகிறது. எழுத்து '60 கிராம்' என்று மாறுகிறது. மீடியம் முட்டைக்கும் எக்ஸ்ட்ரா லார்ஜ் முட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லும் ஒரு நிமிடப் பாடம் அது.

நாமக்கல் பக்கம் ஓர் அறிவியல் ஆசிரியை தன் வகுப்புக்காக இதைத் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்தப் பாடம் புத்தகத்தோடு முடிகிற விஷயம் இல்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் கோழிப்பண்ணையிலோ, முட்டை குடோனிலோ, தீவன மில்லிலோ வேலை பார்ப்பார். அக்மார்க் தரப்படி 45 முதல் 52 கிராம் வரை மீடியம், 53 முதல் 59 வரை லார்ஜ், 60-ஐத் தொட்டால் எக்ஸ்ட்ரா லார்ஜ். அட்டையில் அடுக்கும்போது இந்தப் பிரிவுதான் காசு.

ஆசிரியை பவர்பாயின்ட்டைத் திறக்கிறார். அனிமேஷன் பட்டியலில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட 'குரோ/ஷ்ரிங்க்'கைத் தட்டுகிறார். முட்டை அழகாக வளர்கிறது. வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்.

பிசகு அங்கேதான் நடந்துவிட்டது. அந்த எஃபெக்ட்டை எதையும் மாற்றாமல் அப்படியே போட்டால், மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 150%. அதாவது நீளமும் ஒன்றரை மடங்கு, அகலமும் ஒன்றரை மடங்கு. நிஜ முட்டை தட்டையான படம் இல்லையே, அதற்குத் தடிமனும் உண்டு. மூன்று பக்கமும் ஒன்றரை மடங்கானால் 1.5 × 1.5 × 1.5 = 3.375 மடங்கு. 45 கிராம் முட்டை 152 கிராமுக்குப் போய்விடும். கோழி முட்டையே இல்லை அது, இரண்டு வாத்து முட்டையைச் சேர்த்த எடை! பட்டியலில் 'ஹ்யூஜ்' என்று இருக்கும் 400%-ஐத் தட்டினால் 64 மடங்கு, கிட்டத்தட்ட 2.9 கிலோ. இரண்டு நெருப்புக்கோழி முட்டைகளைத் தராசில் வைத்தால்தான் அந்த எடை வரும்.

அப்படியானால் 45-லிருந்து 60 கிராமுக்குப் போக எவ்வளவு போட வேண்டும்? வெறும் 110%. 1.1-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.331. அதை 45-ஆல் பெருக்கினால் 59.9 கிராம். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே மீடியம் முட்டை எக்ஸ்ட்ரா லார்ஜ் ஆகிவிடுகிறது. பண்ணையில் பழகிய கை இந்தச் சின்ன வித்தியாசத்தைத் தொட்டே சொல்லிவிடும். 150%-ல் வளர்ந்த முட்டையைப் பார்த்துப் படித்த பிள்ளை, நிஜத்தில் 60 கிராம் முட்டையைக் கொடுத்தால் 'இது சின்னது மிஸ்' என்றுதான் சொல்லும்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் 'அளவியல்' என்று ஒரு பாடமே இருக்கிறது. ஆனால், பாடம் தயாரிக்க உட்காரும்போது அந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மூன்று வேலை, ஒரே அசைவு

தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சானது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-ல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் 'மணற்கேணி' செயலி வந்தது. அதிலும் அனிமேஷன் பாடங்கள்தான். பாட்டி வீட்டு மொபைலில்கூட இதயமும் எரிமலையும் அசைகிற காலம் இது. பெரிய நிறுவனங்கள்தான் இவற்றைத் தயாரிக்க வேண்டும் என்றில்லை. பவர்பாயின்ட் தெரிந்த ஆசிரியர், பண்ணைத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தரும் மேற்பார்வையாளர், கல்லூரி மாணவர் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். லைசென்ஸ் வாங்க வசதி இல்லையென்றால், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் 'இம்ப்ரெஸ்'ஸிலும் 'குரோ அண்ட் ஷ்ரிங்க்' இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், திரையில் ஒரு பொருள் பெரிதாவதற்கு மூன்று அர்த்தம் இருக்க முடியும். பொருளே நிஜமாக வளர்கிறது என்று சொல்லலாம். பொருள் அப்படியேதான் இருக்கிறது, நாம்தான் லென்ஸ் வைத்து நெருங்கிப் பார்க்கிறோம் என்று சொல்லலாம். அல்லது, வளரவும் இல்லை, நெருங்கவும் இல்லை, 'இதைக் கவனி' என்று தோளைத் தட்டுவதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மென்பொருள் தருவது அதே அசைவுதான். செய்தவருக்கு எது என்று தெரியும். பார்க்கிற பிள்ளைக்கு?

இதயம் துடிக்கும்போது சுருங்கி விரிவது நிஜம். செல்லைப் பெரிதாக்கிக் காட்டுவது லென்ஸ். 'முக்கியமான கேள்வி' என்ற பெட்டி ஒருமுறை உப்பி அடங்குவது தோள் தட்டல். ஒரே ஸ்லைடில் மூன்றையும் ஒரே வேகத்தில் போட்டால், செல் நிஜமாகவே வளர்கிறது என்று நினைக்கும் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலை லாரி சொல்லும் ரகசியம்

பெரிதாகிற எதுவும் நம் கண்ணை இழுக்கும். 2003-ல் ஸ்டீவன் ஃபிரான்கொனெரி, டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம்மை நோக்கி நெருங்குவதுபோல் பெரிதாகும் உருவம் கவனத்தைத் தானாகப் பிடித்து இழுத்தது. விலகிப்போவதுபோல் சுருங்கும் உருவத்துக்கு அந்தச் சக்தி இல்லை. அதனால் ஒன்றைக் கவனிக்க வைக்க மற்றதையெல்லாம் சுருக்குவது வீண் உழைப்பு.

காரணத்தைப் புரிந்துகொள்ள சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். 400 மீட்டர் தொலைவில் ஒரு லாரி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அது 200 மீட்டருக்கு வரும்போது கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். அதற்கு ஆகும் நேரம் 12 விநாடி. அடுத்த இரண்டு மடங்குக்கு 6 விநாடிதான். அதற்கடுத்த இரண்டு மடங்குக்கு 3 விநாடி. வேகம் மாறவே இல்லை. ஆனால், கடைசியில் லாரி நம் மேல் பாய்கிற மாதிரி இருக்கும். பெரிதாகிற எதையும் பார்த்தவுடன் நம் மூளை உஷாராவது இதனால்தான்.

இந்தக் கணக்கு அனிமேஷனுக்கும் உதவும். குரோ/ஷ்ரிங்க்கின் எஃபெக்ட் ஆப்ஷன்ஸில் 'ஸ்மூத் ஸ்டார்ட்', 'ஸ்மூத் எண்ட்' என்று இரண்டு நகர்த்திகள் இருக்கின்றன. ஒரு பொருள் நெருங்கி வருவதாகக் காட்ட வேண்டுமா? ஸ்டார்ட்டை மட்டும் கூட்டுங்கள், எண்டைத் தொடாதீர்கள். தோள் தட்டலுக்கு இரண்டையும் கூட்டலாம், உறுத்தாது. நிஜமாக, சீராக வளர்கிற பொருளுக்கு இரண்டுமே பூஜ்யத்தில் இருக்கட்டும்.

காற்றறைக்கு 150% சரியாகப் பொருந்தும்!

இப்போது அதே ஆசிரியை அடுத்த பாடத்துக்குப் போகிறார். முட்டை எப்படிப் பழசாகிறது?

இட்டவுடன் முட்டைக்குள் காற்று ஏறக்குறைய இருக்காது. கோழியின் உடம்புச் சூட்டிலிருந்து வெளியே வந்து ஆறும்போது உள்ளே இருப்பது கொஞ்சம் சுருங்கும். அகன்ற முனையில் இரண்டு சவ்வுகள் பிரிந்து ஒரு சின்ன இடைவெளி உண்டாகும். அதுதான் காற்றறை. பிறகு ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியேற வெளியேற, காற்றறை பெரிதாகிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் இது இன்னும் வேகம். பழைய முட்டையைத் தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து நிற்பதும், ரொம்பப் பழசானால் மிதப்பதும் இந்தக் காற்றறையின் வேலைதான்.

அமெரிக்க வேளாண் துறையின் தர அளவில், காற்றறையின் ஆழம் எட்டில் ஒரு அங்குலத்துக்குள் (3.2 மில்லிமீட்டர்) இருந்தால் 'ஏஏ'. பதினாறில் மூன்று அங்குலம் (4.8 மில்லிமீட்டர்) வரை 'ஏ'. அதைத் தாண்டினால் 'பி'. 3.2-க்கு 4.8 எத்தனை மடங்கு? சரியாக ஒன்றரை. முட்டையின் எடையில் பொய் சொன்ன அதே 150%, காற்றறையின் ஆழத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. எதைப் பெரிதாக்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்த எண் மெய்யாகவோ பொய்யாகவோ ஆகிறது.

ஆனால், ப்ளேயைத் தட்டியதும் வேறொரு தொல்லை. காற்றறை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்து நிற்கிறது! குரோ/ஷ்ரிங்க் எப்போதும் பொருளின் நடுப்புள்ளியிலிருந்துதான் விரியும். காற்றறையோ மேல் முனையை ஒட்டியபடி கீழ்நோக்கி மட்டும் வளர வேண்டும். இதற்கு ஒரு பழைய தையல்காரத் தந்திரம் இருக்கிறது. வெள்ளை நிறத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, 'மெர்ஜ் ஷேப்ஸ்' பட்டியலில் உள்ள 'சப்ட்ராக்ட்' மூலம் அதில் முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை போடுங்கள். ஸ்லைடும் வெள்ளையாக இருந்தால் செவ்வகம் கண்ணுக்குத் தெரியாது. அதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். காற்றறைக்கான வட்டத்தை, அதன் மையம் முட்டையின் மேல் முனையில் வரும்படி அடியில் வையுங்கள். இனி வட்டம் எவ்வளவு விரிந்தாலும் ஓட்டைக்குள் விழும் பகுதி மட்டும்தான் தெரியும். மேல்பாதி தாளுக்கு அடியில் மறைந்துபோகும்.

அடுத்தது மொபைல். மொபைலை நேராகப் பிடித்துப் பார்த்தால், அகலத் திரைக்கான வீடியோவின் உயரம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். அதில் முட்டை 3.5 சென்டிமீட்டர் இருக்கும், நிஜ முட்டையைவிடச் சிறியது. 3.2-க்கும் 4.8-க்கும் உள்ள வித்தியாசம் அதில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. லேப்டாப்பில் செய்தவர் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது, பார்க்கிறவர் கண்ணுக்குக் காணாமல் போய்விடும். இங்கேதான் லென்ஸ் வேண்டும். முதலில் முட்டையின் மேல்பகுதியை மட்டும் திரை நிறையப் பெரிதாக்குவது, அப்புறம் காற்றறையை வளரவிடுவது. பெரிதாக்கும்போது ஓரத்தில் '1 செ.மீ.' என்று ஒரு சின்னக் கோடு வரைந்து, அதையும் முட்டையோடு சேர்த்து 'குரூப்' செய்துவிடுங்கள். முட்டை பெரிதாகும்போது கோடும் நீளும். நாம்தான் நெருங்கினோம், முட்டை வளரவில்லை என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அடுத்து காற்றறை வளரும்போது கோடு அசையாமல் நிற்கும். இது நிஜ வளர்ச்சி. ஒரே ஒரு கோடு, இரண்டு அர்த்தத்தையும் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இ-லேர்னிங் நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் 'ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன்' மென்பொருளில் லென்ஸ் வேலைக்கென்றே 'ஸூம் ரீஜன்' உண்டு. ஸ்லைடின் ஒரு பகுதியை முழுத் திரைக்கும் கொண்டுவரும். ஆனால் அது பொருளை வளர்க்காது. ஸ்டேட் மாற்றியும் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டலாம், சட்டென்று தாவிவிடும், வளர்ச்சி கண்ணில் படாது. பவர்பாயின்ட்டில் அனிமேஷன் செய்துவிட்டு 'ஐஸ்பிரிங்' போன்ற துணை மென்பொருளில் பாடமாக மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மங்கும் எழுத்து, திரும்பி வராத அளவு

பெரிதாக்கிய படமும் எழுத்தும் மங்கலாகத் தெரிவது எல்லோரும் படும் பாடு. சின்ன அளவில் இருப்பதை இழுத்துப் பெரிதாக்குவதால் வரும் குறை இது. வழி எளிது. கடைசியில் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ, அந்த அளவிலேயே பொருளை வையுங்கள். முதல் வேலையாக, கண்ணில் படாத நேரத்தில் அதைச் சுருக்கிவிடுங்கள். அங்கிருந்து வளரவிட்டால் கடைசியில் துல்லியமாக நிற்கும்.

இதில்தான் இன்னொரு கணக்கு சறுக்கும். 150% வளர்த்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவர 50% என்று போடுகிறவர்கள் நிறைய. அது 75%-ல் போய் நிற்கும். இரண்டாவது எஃபெக்ட், அப்போதைய அளவிலிருந்துதான் கணக்கிடும். போட வேண்டியது 66.7%. கணக்கே வேண்டாம் என்றால் 'ஆட்டோ ரிவர்ஸ்' பெட்டியில் டிக் அடித்துவிடலாம்.

புது பவர்பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. 2015 கடைசியில் 'மார்ஃப்' என்ற டிரான்சிஷன் வந்தது. ஸ்லைடை அப்படியே காப்பி எடுத்து, இரண்டாவது ஸ்லைடில் பொருளை வேண்டிய அளவில், வேண்டிய இடத்தில் வைத்து மார்ஃப் போட்டால், நடுவில் நடக்க வேண்டியதை அதுவே செய்துகொள்ளும். முனையிலிருந்து வளர்வது, ஒரு பக்கமாக நீள்வது எல்லாம் கையால் வைத்த இடத்துக்கே போகும். சதவிகிதக் கணக்கு போடாமல், அளவுகோல் வைத்து அளந்தே வைக்கலாம் என்பதுதான் இதில் பெரிய நிம்மதி.

தினமும் செய்தியில் வரும் முட்டை விலைக்கும் இதே கதைதான். விலை ஒன்றரை மடங்கு ஏறியது என்று சொல்ல முட்டைப் படத்தை 150% ஆக்கினால், திரையில் அது அடைக்கும் இடம் 2.25 மடங்கு. விலை இரண்டு மடங்குக்கும் மேலே போய்விட்டதாக மனசில் பதியும். டேரல் ஹஃப் 1954-ல் எழுதிய 'ஹவ் டு லை வித் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' புத்தகத்தில் பணமூட்டைப் படத்தை வைத்து இந்தப் பித்தலாட்டத்தைப் புட்டுப் புட்டு வைத்திருக்கிறார். அப்போது அச்சில் நடந்தது இப்போது அசைந்துகொண்டு நடக்கிறது, அவ்வளவுதான். விலைக்கு முட்டைப் படமே வேண்டாம், ஒரு பட்டை போதும். அதையும் குரோவில் போடாமல் 'வைப்' எஃபெக்ட்டில் கீழிருந்து மேலே வரவிட்டால் அடி நகராமல் உயரும்.

தலை சுற்றுகிறவர்களும் பார்க்கிறார்கள்

2013-ல் ஐபோனின் ஐஓஎஸ் 7 வந்தபோது, ஆப்பைத் தட்டினால் திரை நம்மை நோக்கிப் பாய்ந்து விரியும்படி செய்திருந்தார்கள். பார்க்க ஜோராக இருந்தது. ஆனால், தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். உடம்பு அசையாமல் இருக்க, கண் மட்டும் 'நகர்கிறோம்' என்று சொன்னால், உள்காதின் சமநிலை உறுப்புக்குக் குழப்பம். பஸ்ஸில் உட்கார்ந்து படித்தால் சிலருக்கு வருவதும் இதே குழப்பம்தான். சில வாரங்களிலேயே, அசைவைக் குறைக்கும் 'ரெட்யூஸ் மோஷன்' வசதியை ஆன் செய்தால் பாய்ச்சலுக்குப் பதில் மெல்ல மறைந்து தோன்றும்படி ஆப்பிள் மாற்றியது. ஆண்ட்ராய்டு போனிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் அனிமேஷனை நிறுத்தும் வசதி உண்டு. பயனர் தட்டுவதால் தொடங்கும் இப்படிப்பட்ட அசைவை நிறுத்திக்கொள்ளும் வழி வேண்டும் என்று 2018-ல் வெளியான இணைய அணுகல் வழிகாட்டுதலிலும் ஒரு விதி இருக்கிறது.

வீடியோவாகச் செய்த பாடத்தில் போனின் அந்தச் சுவிட்ச் வேலை செய்யாது. அதனால் செய்கிறவர்தான் யோசிக்க வேண்டும். முழுத் திரையும் பாய்வதைவிட, ஒரு பொருள் மட்டும் நிதானமாக வளர்வது தொந்தரவு குறைவு. ஹைடெக் லேப்பில் பெரிய திரைக்கு முன் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, மொபைலில் பார்ப்பதைவிட இந்தப் பாய்ச்சல் பல மடங்கு பெரிது.

இத்தனை பாடுபட்டு அசைக்கத்தான் வேண்டுமா என்றும் ஒரு கேள்வி உண்டு. பார்பரா ட்வெர்ஸ்கியும் இரண்டு ஆய்வாளர்களும் 2002-ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, அனிமேஷன் ஜெயித்ததாகச் சொன்ன பல இடங்களில் அதில் படத்தைவிடக் கூடுதல் தகவல் இருந்ததுதான் காரணம் என்று எழுதினார்கள். அசைவு வேகமாக ஓடிவிட்டால் மனதில் எதுவும் நிற்காது என்பதும் அவர்கள் சொன்னதுதான். அதனால் காற்றறைப் பாடத்தின் கடைசி ஸ்லைடில் மூன்று முட்டைகளை, மூன்று காற்றறை அளவோடு, பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் நிறுத்திவிடுவது நல்லது. பிள்ளைகள் நோட்டில் வரைந்துகொள்ளப்போவது அதைத்தான்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் ஒட்டிப் பிடியுங்கள். வெள்ளை ஓடு என்றால் இன்னும் சுலபம். உள்ளே வெளிச்சமாக ஒரு வட்டம் தெரியும், அதுதான் காற்றறை. அதன் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தேதியையும் எழுதி, முட்டையை வெளியே வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதே மாதிரி டார்ச் பிடித்து இன்னொரு கோடு. அகன்ற முனையிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ள ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், ஸ்லைடில் போட வேண்டிய சதவிகிதம் கையில் கிடைத்துவிடும்.